லம்போவை அவிழ்த்துவிட்ட நாள்

மகன்,

நேற்று நீ தொலைபேசியை வைத்த வேகத்தில் என் காது இன்னும் இரைகிறது. பிழை சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஐந்து நிமிடம் முந்தியே வைத்திருப்பேன். "பஸ்தா, போதும் அப்பா. ஜூனில மெலனியைக் கட்டுறன். அவையின்ர கோயில்லதான் கட்டுறன். உங்களுக்கு மதம்தான் பிரச்சினையெண்டால் வரவேண்டாம்" என்றாய். இரண்டு வருடமாக நீயும், அம்மாவும், இங்கே இத்தாலியில் சீசாப் பகுதியில் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற அத்தனை தமிழ்ச் சனமும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்: நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், மெலனியின் தகப்பன் சூசை மன்னார்க் கத்தோலிக்க வேதக்காரன், அதனால் நான் முறுக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று. நானும் மறுக்கவில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெல்லெகிரீனோ மலையேறி சந்தா ரொசாலியாப் புனிதவதிக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவனுக்குக் கோயிலோடு என்ன சண்டை? நீயாவது யோசித்திருக்கலாம். என் பிரச்சினை கோயில் அல்ல, சூசையின் இடது கால். அவன் ஏன் நொண்டுகிறான் என்று நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் கேட்டபோது "பனியில பட்டது" என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். அந்தப் பனியில் என்ன நடந்தது என்று அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நான் சந்தேகக்காரன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். பால் பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன், பூட்டின கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் முத்திரை குத்தித் தந்த கடதாசியை வெளியில் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நீங்கள் எல்லோரும் அதை வைத்துச் சிரிப்பீர்கள். பிறவியிலேயே இப்படி இல்லை. என்னை அனுப்பின ஏஜென்சிக்காரன் ஒருவன், வாய் நிறைய "தம்பி, தம்பி" என்று கதைத்தபடி, என் பாஸ்போட்டை "இந்தா தாறன்" என்று வாங்கிக்கொண்டு ஒரு ஹோட்டலின் பின்கதவால் போனவன். தெரியாத ஊரில் இரண்டு நாள் அந்த முன்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு யாராவது என்னோடு சிரித்துக் கதைத்தால், இவனுக்கு என்னட்டை என்ன வேணும் என்பதுதான் முதலில் மனதில் வரும். கையெழுத்துப் போடுமுன் இரண்டு தரம் வாசி என்று உனக்குச் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை, இப்போதும் சொல்கிறேன். ஆனால் கடதாசியைப் பார்க்கிற கண்ணாலேயே மனிதரையும் பார்த்து நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீயும் அம்மாவும் வன்னியிலிருந்து வந்து வவுனியா முகாமில் அடைபட்டிருந்தீர்கள். உனக்கு நாலு வயது. நீ தவழத் தொடங்குமுன் நான் வெளிக்கிட்டவன்; உன் முகம் எனக்குப் படத்தில்தான் தெரியும். இங்கே நான் ஓய்வுபெற்ற ஓர் இன்ஜினியரின் வீட்டில் வேலை செய்தேன். மனைவியை இழந்த மனிதர், எல்லோரும் அவரை இன்ஜெனியேரே என்றுதான் கூப்பிடுவோம். சமையல், துப்புரவு, கடைக்குப் போவது, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு நாய்கள்: கிழட்டு நீனா, இரண்டு வயது லம்போ. உங்களைக் கூப்பிட இத்தாலி அனுமதி தந்துவிட்டது. ஆனால் முகாமிலிருந்து கொழும்புக்கு விடப் பாஸ் கிடைக்கவில்லை. புருஷன் நேரில் வந்து பொறுப்பெடுத்தால்தான் விடுவோம் என்று ஆமிக்காரர் நின்றார்கள். எனக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், லீவு வேண்டியிருந்தது. அந்த ஆறு கிழமைக்குள் வேலை கைமாறினால் இங்கே இருக்கிற அனுமதியை, அந்தப் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது, பெர்மெசோ இல்லாவிட்டால் நீங்களும் இங்கே வந்து இருக்க முடியாது. அந்த வேலையை நான் எப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்கு இப்போது விளங்கும்.

இங்கே வீட்டு வேலை செய்கிற எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவன் தன் இடத்தில் இன்னொரு தமிழனை நிறுத்திவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் நின்றவன் விலகிக்கொள்ள வேண்டும். எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். நிற்கிறவன் சோம்பேறியாக இருந்தால் வீட்டுக்காரர் எரிச்சல்பட்டு வேலையே போய்விடும். கெட்டிக்காரனாக இருந்தால் இவனே இருக்கட்டும் என்று விடுவார்கள். ஆகவே வேலை தெரிந்த, ஆனால் உன்னைவிடக் கொஞ்சம் மட்டமான ஒருவனைத் தேடிப்பிடிக்க வேண்டும். அது சுலபமில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் ஊரிலிருந்து பெட்டியோடு நேரே வேலை வீட்டுக்குப் போய் மணியடிக்க, அவருடைய சொந்த மச்சானே கதவைத் திறந்து "ஆர் வேணும்?" என்று கேட்டானாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒருமாதிரிப் பார்ப்போம்.

சூசை அப்போது சீசாவில் என் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன். என்னைவிட ஆறு வயது இளமை, பேசாலையில் கடலுக்குப் போனவன், இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். நிரந்தர வேலை இல்லை. சிரித்த முகம். வேறு ஆள் கிடைக்காததால்தான் அவனைக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணை, நான் நிக்கிறன்" என்று உடனே சொன்னான். அந்த "உடனே" எனக்குப் பிடிக்கவில்லை. வேலை பழக்க ஒரு கிழமை கூட்டிக்கொண்டு போனேன். இன்ஜெனியேரேக்கு எவ்வளவு உப்பு, மூக்குக்கண்ணாடியை எந்தப் பக்கம் வைப்பார், மத்தியானம் எத்தனை மணிக்குப் படுப்பார் என்று துருவித் துருவிக் கேட்டான். ஆறு கிழமை நிற்கப்போகிறவனுக்கு இவ்வளவும் என்னத்துக்கு என்று நான் உள்ளுக்குள் புகைந்தேன். மூன்றாம் நாள் லம்போ அவன் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. குட்டியிலிருந்து சாப்பாடு வைத்தவன் நான், என்னை அது வாலால்கூட விசாரிக்காது. இன்ஜெனியேரே அதைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மலைக்கு இவனையும் கூட்டி வா, பனியில் நாய்களோடு எப்படி நடக்கிறான் என்று பார்ப்போம்" என்றார். பிறகு சூசையின் காலளவைக் கேட்டு, தன் மகன் விட்டுப்போன பனிச் சப்பாத்து ஒரு சோடியை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று மாரிகாலமாகச் சந்தையில் வாங்கின சப்பாத்தோடு அவருக்குப் பின்னால் மலையேறினவன் நான். என் காலளவை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கொடுத்த சப்பாத்து சூசைக்கு ஓர் அளவு பெரிசு. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

ஞாயிறு காலை பகேரியாவைத் தாண்டி, கடற்கரையோடு போய், மதோனியே மலைக்கு ஏறினோம். கீழே தோடை மரங்கள் காய்த்துக் கிடந்தன. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் வெள்ளை. சூசை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தான். மேலே கார் நின்றதும் பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டுகிற அகலச் சட்டங்களை இன்ஜெனியேரே இறக்கினார். சூசை ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணை, சுளகைக் காலில கட்டிக்கொண்டு நடக்கிறதே?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. கட்டி நாலடி வைத்ததும் தன் காலைத் தானே மிதித்துக் குப்புற விழுந்தான். இன்ஜெனியேரே வாய்விட்டுச் சிரித்தார். மனைவி செத்த பிறகு அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சூசை வேண்டுமென்றே விழுந்தானோ என்று யோசித்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். அந்த மலையில் ஒரு காடு உண்டு, அதற்குள் காட்டுப்பன்றி, நரி எல்லாம் திரியும். மோப்பம் பிடித்தால் லம்போ கூப்பிட்டாலும் நிற்காது, பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். என்ன வந்தாலும் இந்தக் காட்டுக்குள் அதன் வாரை அவிழ்க்காதே என்று போன மாரியிலேயே இன்ஜெனியேரே விரலை நீட்டி எனக்குச் சொல்லியிருந்தார். சூசைக்குப் பழக்கின ஒரு கிழமையில் எல்லாம் சொன்ன நான் அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். மறக்கவில்லை. அன்று இன்ஜெனியேரே நீனாவோடு முன்னால் போய் மரங்களுக்கிடையில் மறைந்துவிட்டார். சூசையின் கையில் லம்போ. அது இழுக்கிற இழுவையில் அவன் மூன்று தரம் விழுந்து, தாடியெல்லாம் பனியாக எழும்பி, "அண்ணை, இவன் என்னை இழுத்து விழுத்திறான். அவிட்டு விடட்டோ?" என்று கேட்டான்.

"ஓம், விடு. அவன் எங்கையும் போகான்" என்றேன்.

அவனுக்குத் தீங்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மகன். அவனுடைய பெயர் கொஞ்சம் கெடவேண்டும் என்றுதான் நினைத்தேன். நாய் ஒரு கால் மணித்தியாலம் ஓடும், இன்ஜெனியேரே கத்துவார், என் வேலை எனக்குப் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான் என் திட்டம். லம்போ அவிழ்ந்ததும் போன போக்கில் போய்விட்டது. சூசை அதன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, அந்தச் சட்டங்களோடு தத்தித் தத்திப் பின்னால் ஓடினான். "நில்லடா, அது வரும்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் மேலிருந்து மூடுபனி இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற மரம்கூடத் தெரியவில்லை. இன்ஜெனியேரே திரும்பி வந்து, யார் அவிழ்த்தது என்று கேட்டார். "சூசை" என்றேன். அது பொய் இல்லை என்பதுதான் இன்னும் கேவலம்.

மலை விடுதியில் போய் அறிவித்தோம். வனக்காவலர் இரண்டு பேர் விசில் ஊதிக்கொண்டு தேடப் போனார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். முழு உண்மையும் சொல்வதென்றால், எனக்கு முதலில் வந்தது ஐயோ சூசை என்பதல்ல. இனி ஆரை நிறுத்திவிட்டுப் போவது என்பதுதான். அடுத்ததாக வந்தது இன்னும் மோசம்: இவன் எங்காவது மரத்தடியில் நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பிந்தி வந்து வீரன் பட்டம் வாங்கப்போகிறான். மூன்றாவது மணித்தியாலம்தான் எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன்.

நாலு மணிக்கு மேல், வெளிச்சம் மங்குகிற நேரம், வந்தான். தன் இடுப்புப் பட்டியால் லம்போவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். இடது காலில் சட்டமும் இல்லை, சப்பாத்தும் இல்லை. தொப்பியைக் காலில் சுற்றிக் கட்டியிருந்தான். ஒரு பள்ளத்தில் இடுப்பளவு புதைந்தபோது காலை இழுக்க, அளவு பெரிசான சப்பாத்து சட்டத்தோடு உள்ளே தங்கிவிட்டதாம். இன்ஜெனியேரே ஓடிப்போய்ப் பிடிக்க, "கோல்ப்பா மீயா, இன்ஜெனியேரே. நான்தான் அவிழ்த்தேன், என் பிழை" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னான். என் பெயரை எடுக்கவேயில்லை. நீ என்றால் அந்த இடத்தில் அழுதிருப்பாய். நான், இவன் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, இதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு என்ன கேட்கப்போகிறான் என்று யோசித்தேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கால்விரல்கள் கறுத்துவிட்டன. "நீங்கள் ரிக்கெற்றை மாத்தவேண்டாம் அண்ணை. பிள்ளை அங்கை பாத்துக்கொண்டிருக்கும். நான் நிப்பன்" என்றான். இப்படியான காலோடு வேலைக்குப் போகத் துடிக்கிறவனுக்கு அந்த வேலையில் கண் இல்லாமல் இருக்குமா? வேறு வழியில்லாமல் வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். கட்டடத்து வாசல்காரியிடம் ஒரு கண் வைத்திருங்கள் என்று தனியாகச் சொன்னேன். கொழும்பிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருதரம் அந்த வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். அவன் ஃபோனைத் தூக்கி "ப்ரொந்தோ" என்கிற குரலில் வீட்டுக்காரத்தனம் ஏறியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போற யோசினையோ, இல்லை அந்த நாயளின்ர யோசினையோ?" என்று கேட்டா. நீ வேறு என்னைக் கண்டால் அம்மாவின் சீலைக்குள் ஒளிந்துகொள்வாய். "இந்த மாமா எப்ப போவார்?" என்று ஒருநாள் கேட்டாய்.

ரோமிலிருந்து ரயிலில் வந்து ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினோம். சூசை மேடையில் நின்றான், இடது கால் முழுக்கத் துணிக்கட்டு, அதற்கு மேல் பெரிய செருப்பு. நான் பெட்டிகளை இறக்குவதற்குள் நீ அம்மாவின் கையை உதறிக்கொண்டு அவனிடம் போய்விட்டாய். ஆறு கிழமை என்னிடம் வராத பிள்ளை. எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நான் கிட்டப் போனதும் சூசை திறப்பை எடுத்து என் கையில் வைத்தான். "எல்லாம் சரி அண்ணை, நாளைக்கே போங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி முன்னால் போனான். வேலை தப்பியது, பெர்மெசோ தப்பியது, நாங்கள் இங்கே குடும்பமானோம். சித்திரையில் அவனுடைய இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் சூப் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு இத்தனை வருடமும் நான் காத்திருந்தேன். அவன் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான், மனுசியைக் கூப்பிட்டான், மெலனி பிறந்தாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்கப்போகிறான் என்று நினைப்பேன். கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் நீ வந்து மெலனியின் பெயரைச் சொன்னாய் அல்லவா, அப்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: ஓகோ, இதுக்குத்தான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தவன், என் பிள்ளையைக் கேட்கிறான். உங்கள் இருவரிலும் நான் ஒரு பிழையும் காணவில்லை. அந்தப் பிள்ளை தங்கம். அவளைப் பார்க்கும்போது எனக்கு அவளுடைய தகப்பனின் கால் தெரிந்தது, அதனால் கோயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நேற்று நீ வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை ரயிலேறி பகேரியாவுக்குப் போனேன். சூசை தேசிக்காய் மரத்துக்குக் கிளை வெட்டிக்கொண்டு நின்றான். இருக்கச் சொன்னான், நான் இருக்கவில்லை.

"சூசை, லம்போவை அவிழ்க்கக்கூடாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உன்னை விடச் சொன்னனான்."

அவன் கத்தரியை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"நீங்கள் கொழும்பில நிக்கேக்கை. 'நாயை அவிழ்க்கக்கூடாதெண்டு உன்ரை சிநேகிதனுக்குப் போன வருசமே சொன்னனே, அவன் உனக்குச் சொல்லேல்லையோ' எண்டு இன்ஜெனியேரே கேட்டவர்."

"பிறகேன் வேலையைத் திருப்பித் தந்தனீ?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். "ஆர் தர வந்தது? அவர் என்னையே நிரந்தரமா நிக்கச் சொல்லிப்போட்டார். எனக்கும் விசர் கோவம், ஓமெண்டுட்டன். வேலை இல்லையெண்டு முகத்துக்கு நேரை சொல்லத்தான் ஸ்தாசியோனேக்கு வந்தனான். திறப்பு சும்மா பொக்கெற்றுக்கை கிடந்தது."

உனக்கு ஒன்றையும் மறைப்பதில்லை என்று தொடங்கிவிட்டேன், இதையும் கேள். அந்த இடத்தில் ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டது என்ற சந்தோசம். அது எனக்குள் எவ்வளவு ஆழத்தில் ஊறிக் கிடக்கிறது என்று பார்.

"பிறகு?" என்றேன்.

"உங்கட மகன் வந்தான். வந்து என்ரை காலுக்குக் கிட்டக் குந்தி, கட்டைத் தொட்டுப் பாத்திட்டு, 'மாமா, நோகுதோ?' எண்டான்." சூசை கத்தரியைக் கீழே வைத்தான். "அண்ணை, அந்த ரெண்டு மாசமும் ஒருத்தரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை. டொக்டர் கேட்டது வேறை. அவன்ர தேப்பன்ர வேலையைப் பிடுங்கிப்போட்டு நான் அவனுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? அதுதான் எடுத்துத் தந்திட்டன், இன்ஜெனியேரேயிட்டை எனக்குக் கால் ஏலாதெண்டு அண்டிரவே சொல்லிப்போட்டன். உங்களுக்காக இல்லை."

மகன், நான் அந்த மனிதனோடு ஒரே அறையில் படுத்தவன். ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் நின்றவன். எங்கள் வீட்டு மேசையில் நூறு தரம் அவனுக்குச் சோறு போட்டவன். நாலு வயதில் நீ ரயிலால் இறங்கி முதல் நிமிடத்தில் கேட்டதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான், அந்தத் தோட்டத்தில் நின்று கேட்டேன்.

"நோகுதோ, சூசை?"

அவன் காலைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தான். "மழைக்கு மட்டும்" என்றான்.

நான் ஒளிந்து நின்ற இடத்தை இப்போது உனக்குக் காட்டிவிட்டேன். நீயும் மெலனியும் இதை இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், அவளுக்குத்தான் என்மேல் கூடுதல் கோபப்பட உரிமை இருக்கிறது. நேற்று நீ வரவேண்டாம் என்றது கோயிலுக்குப் பயந்த ஒருவனை. இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறவன் அவனைவிட மோசமானவன். சூசை வரச் சொல்லிவிட்டான். ஆனால் கல்யாணம் உன்னுடையது, நீதான் சொல்லவேண்டும்.

நான் வரட்டோ, மகன்?

அப்பா